ஒரு லைன் போனால் மறு லைன்: ரவுட்டரில் ஃபெயில்ஓவர் எப்படி வேலை செய்கிறது?

தமிழ்நாடு–கேரள எல்லையில் குமுளி, கம்பம், போடி, வண்டன்மேடு வட்டாரத்தில் வியாபாரம் செய்பவர்களுக்கு நெட் இல்லாமல் சரக்கு நகராது. ஐம்பதாயிரம் ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள சரக்கு மாநில எல்லையைத் தாண்ட இ-வே பில், அதாவது நெட்டில் எடுக்கும் சரக்குச் சீட்டு, வேண்டும். ஏலக்காய் மூட்டைகளை ஏற்றி முடித்து டிரைவர் சாவி போட்டு நிற்கும்போது நெட் போனால், பில் வரும்வரை வண்டி அங்கேயேதான் நிற்கும். மலையோரத்தில் நெட் போவதற்குக் காரணங்களும் நிறைய. ஜூனில் தொடங்கும் தென்மேற்கு மழையில் மரம் சாய்ந்து ஒயர் அறுகிறது. ரோட்டை அகலப்படுத்த வரும் ஜேசிபி, மண்ணுக்குள் போகும் ஃபைபரைத் தோண்டி எடுத்துவிடுகிறது. அதனால்தான் இப்போது பல கடைகளிலும் தோட்ட அலுவலகங்களிலும் இரண்டு கனெக்ஷன் வாங்கி வைத்திருக்கிறார்கள்.

வாங்கி வைத்தால் மட்டும் போதாது. ஒன்று போனதும் மற்றொன்று தானாக ஏற்றுக்கொள்ள வேண்டும். யாரும் ஒயரைக் கழற்றி மாட்டக் கூடாது, வைஃபை பெயரை மாற்றக் கூடாது. இந்த ஏற்பாட்டுக்குத்தான் ஃபெயில்ஓவர் என்று பெயர்.

இதோடு அடிக்கடி குழப்பிக்கொள்ளும் இன்னொன்று லோடு பேலன்சிங். அதில் இரண்டு லைனும் ஒரே நேரத்தில் ஓடும், வேலை பங்கிடப்படும். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் வங்கி, ஜிஎஸ்டி போன்ற தளங்களில் லாகின் ஒரு லைன் வழியாகவும் அடுத்த பக்கம் மறு லைன் வழியாகவும் போனால், ‘உங்கள் செஷன் முடிந்தது’ என்று வெளியே தள்ளிவிடும் வாய்ப்பு உண்டு. புதிதாகத் தொடங்குபவர்கள் முதலில் ஃபெயில்ஓவரை மட்டும் சரியாக அமைத்துக்கொள்வது நல்லது. இரண்டு லைன் வசதி உள்ள சில ரவுட்டர்களில் லோடு பேலன்சிங்தான் முதலில் இயக்கத்தில் இருக்கும். டிபி-லிங்க் ஈஆர்605 மாதிரியில் ‘லிங்க் பேக்கப்’ என்ற பகுதிக்குப் போய் எது முதன்மை, எது மாற்று என்று நாமே சொல்ல வேண்டும்.

ரவுட்டருக்கு எப்படித் தெரியும்?

விஷயம் முழுக்க இங்கேதான் இருக்கிறது. வழி மாற்றுவது ரவுட்டருக்கு ஒரு நொடி வேலை. எப்போது மாற்ற வேண்டும் என்று தெரிவதுதான் கடினம்.

ரவுட்டருக்குள் ‘ரூட்’ எனப்படும் வழிகளின் பட்டியல் ஒன்று உண்டு. வெளியுலகத்துக்குப் போக இரண்டு வழிகள் அதில் எழுதப்பட்டிருக்கும், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். மைக்ரோடிக் நிறுவன ரவுட்டர்களில் அந்த எண்ணை ‘டிஸ்டன்ஸ்’ என்பார்கள், வேறு சிலவற்றில் ‘மெட்ரிக்’. சிறிய எண்ணுக்கே முன்னுரிமை. ஃபைபருக்கு 1, மாற்று லைனுக்கு 2 என்று கொடுத்தால், 1 உயிரோடு இருக்கும்வரை 2 சும்மா காத்திருக்கும். பட்டியலிலிருந்து 1 விலகிய நொடியில் 2 வேலைக்கு வரும். அந்த 1 செத்துவிட்டது என்று யார் சொல்வது?

சபரிமலை சீசனில் கம்பம் ஊரில் போலீஸ் நின்று வண்டிகளைக் கம்பம்மெட்டு வழியாகத் திருப்பிவிடுவதைப் பார்த்திருப்பீர்கள். குமுளி மலைப்பாதையில் மண் சரிந்திருக்கிறது என்று வையுங்கள். கம்பத்தில் நின்று ரோட்டைப் பார்த்தால் எல்லாம் சரியாகத்தான் தெரியும். மேலே போய் வந்தவர் சொன்னால்தான் அடைப்பு தெரியும். ரவுட்டரின் நிலையும் அதுதான். அதன் கண்ணுக்குத் தெரிவது ஃபைபர் பெட்டியிலிருந்து, அதாவது ஓஎன்டியிலிருந்து, தனக்கு வரும் ஒரு மீட்டர் ஒயர் மட்டுமே. வெளியே மின்கம்பத்தில் ஃபைபர் அறுந்தாலும் ஓஎன்டிக்குக் கரண்ட் இருக்கும்வரை அந்த ஒயரில் பச்சை விளக்கு எரியும். ஓஎன்டியில், சிக்னல் வரவில்லை என்று காட்டும் ‘லாஸ்’ என்ற சிவப்பு விளக்கு கண்ணடித்துக்கொண்டிருக்கும். அது ரவுட்டருக்குத் தெரியாது. ஒயர் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும் ரவுட்டர் கடைசிவரை மாற்று லைனுக்குப் போகாது. ‘இரண்டு லைன் இருந்தும் நெட் வரவில்லை’ என்ற புகார்கள் பலவற்றுக்கு இதுதான் காரணம்.

இதற்கு அடுத்த நிலை, கேட்வேயை பிங் செய்து பார்ப்பது. அதாவது அடுத்த பெட்டிக்கு ‘இருக்கிறாயா’ என்று ஒரு சிறு பாக்கெட் அனுப்பிப் பதில் வாங்குவது. மைக்ரோடிக்கில் கேட்வே பிங் 10 நொடிக்கு ஒரு முறை போகும். அடுத்தடுத்து இரண்டு முறை பதில் வராவிட்டால் அந்த வழி செத்ததாக எடுத்துக்கொள்ளும். ஆனால் ஓஎன்டியே ரவுட்டராகவும் வேலை செய்யும் அமைப்பில் நம் கேட்வே 192.168.1.1, அதாவது பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அந்தப் பெட்டி. ஃபைபர் அறுந்த பிறகும் அது மணிக்கணக்கில் ‘இருக்கிறேன்’ என்று பதில் சொல்லும்.

எனவே தொலைவில் உள்ள முகவரியைத்தான் கேட்க வேண்டும். பெரும்பாலானோர் பயன்படுத்துபவை 8.8.8.8, 1.1.1.1, 9.9.9.9. மூன்றும் பொது டிஎன்எஸ் சேவைகளின், அதாவது தளத்தின் பெயரைக் கொடுத்தால் அதன் எண் முகவரியைத் தரும் சேவைகளின், முகவரிகள். ஒன்றை மட்டும் நம்பக் கூடாது. அந்த ஒரு சேவையில் கோளாறு வந்தால் நல்ல லைனும் செத்ததாகத் தெரியும். இரண்டைக் கொடுத்து, இரண்டும் பதில் தராவிட்டால்தான் மாற வேண்டும் என்று அமையுங்கள். ஈஆர்605-இல் ‘ஆன்லைன் டிடெக்ஷன்’ என்ற இடத்தில் மேனுவல் முறையைத் தேர்ந்தெடுத்து முகவரியை நாமே கொடுக்கலாம். ஓபன்டபிள்யூஆர்டி என்ற இலவச மென்பொருள் போட்ட ரவுட்டரில் எம்வேன்3 என்ற தொகுப்பு இதற்காகவே இருக்கிறது.

மைக்ரோடிக்கில் கொஞ்சம் சுற்றி வர வேண்டும். 1.1.1.1-க்குப் போக முதல் லைன் மட்டுமே வழி என்று ஒரு தனி ரூட் எழுத வேண்டும். பிறகு பொது ரூட்டின் கேட்வேயாக அந்த 1.1.1.1-ஐயே கொடுத்து, கேட்வே பிங்கை இயக்க வேண்டும். இதை ரிகர்சிவ் ரூட்டிங் என்பார்கள். மைக்ரோடிக் மென்பொருளின் 6-ஆம் பதிப்பில் ஓடிய அமைப்பு 7-க்கு மாறியதும் நின்றுவிட்டது என்றால் முதலில் பார்க்க வேண்டியது, எந்த ரூட்டை நம்பி எந்த ரூட் நிற்கலாம் என்று சொல்லும் ஸ்கோப் எண்களை: தனி ரூட்டின் ஸ்கோப் 10 என்றால் பொது ரூட்டின் டார்கெட் ஸ்கோப் 11 ஆக இருக்க வேண்டும்.

இதில் ஒரு பொறி உண்டு. 1.1.1.1-ஐ முதல் லைனோடு கட்டிப்போட்டு விட்டால், அந்த லைன் செத்ததும் 1.1.1.1-ஐ யாராலும் தொட முடியாது. அதே 1.1.1.1-ஐ எல்லாக் கணினிகளுக்கும் டிஎன்எஸ் ஆகவும் கொடுத்திருந்தால், ரவுட்டர் சரியாக மாறியிருக்கும், ஆனால் எந்தத் தளமும் திறக்காது. சோதனைக்கு ஒரு முகவரி, டிஎன்எஸ்ஸுக்கு வேறு முகவரி என்று பிரித்து வைத்தால் இந்தத் தலைவலி வராது. கேபிள்காரர் தரும் டிஎன்எஸ்ஸை எல்லாக் கருவிகளிலும் எழுதி வைப்பதும் இதே ஆபத்துதான். சில நிறுவனங்களின் டிஎன்எஸ் தன் வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே பதில் தரும். மாற்று லைன் வழியாகக் கேட்டால் வாய் திறக்காது.

எத்தனை நொடியில் மாற வேண்டும்?

5 நொடிக்கு ஒரு பிங், தொடர்ந்து 3 தவறினால் மாறு என்று வைத்தால் 15 முதல் 20 நொடிக்குள் மாறிவிடும். கடைக்கும் அலுவலகத்துக்கும் இது போதும். 1 நொடிக்கு ஒரு பிங், 2 தவறினால் மாறு என்று இறுக்கிவிட ஆசை வரும். செய்யாதீர்கள். யாராவது பெரிய வீடியோவை ஏற்றும்போது லைன் நிரம்பி ஓரிரண்டு பிங் தவறுவது சகஜம். அதற்கெல்லாம் ரவுட்டர் மாறி மாறிக் குதிக்கும். ஒவ்வொரு குதிப்பிலும் ஓடிக்கொண்டிருந்த வேலைகள் அறுபடும்.

திரும்பி வரும்போது இன்னும் பொறுமை வேண்டும். ஃபைபரை ஒட்டுகிற லைன்மேன் வேலை முடிக்கும்வரை லைன் பலமுறை வந்து போகும். தொடர்ந்து 12 பிங் நல்லபடியாக வந்தால்தான் பழைய லைனுக்குத் திரும்பு என்று வைத்தால் ஒரு நிமிடம் ஆகும். அதை 3 நிமிடமாக நீட்டினாலும் நட்டமில்லை, மாற்று லைன்தான் ஓடிக்கொண்டிருக்கிறதே.

பொருத்தும்போது முதலில் இடிக்கும் இடம்

பல நிறுவனங்களின் பெட்டிகளும் 192.168.1.1 என்ற ஒரே முகவரியோடுதான் வருகின்றன. ஃபைபர் பெட்டியும் மாற்று லைனுக்காக சிம் போட்ட 4ஜி பெட்டியும் இரண்டுமே அப்படி இருந்து, இரண்டையும் ஒரே ரவுட்டரின் இரண்டு வேன் போர்ட்டுகளில், அதாவது வெளி லைன் செருகும் துளைகளில், செருகினால், எந்தப் பக்கம் எது என்று ரவுட்டருக்குக் குழம்பிவிடும். சில ரவுட்டர்கள் இரண்டாவதை ஏற்கவே மறுக்கும். செருகுவதற்கு முன்பே மாற்றிவிடுங்கள்: ஃபைபர் பெட்டி 192.168.1.1-இலேயே இருக்கட்டும், 4ஜி பெட்டி 192.168.2.1, உள்ளே கடைக்கான நெட்வொர்க் 192.168.10.1. மூன்றும் வேறு வேறாக இருந்தால் பிறகு கோளாறு பார்ப்பதும் சுலபம்.

இன்னும் நல்லது, ஃபைபர் பெட்டியை பிரிட்ஜ் முறைக்கு (அது ரவுட்டர் வேலை செய்யாமல் லைனை மட்டும் கடத்தும் முறைக்கு) மாற்றச் சொல்லி, நிறுவனத்தோடு லாகின் செய்து இணையும் பிபிபிஓஇ முறையின் பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் நம் ரவுட்டரிலேயே போடுவது. ஃபைபர் அறுந்தால் பிபிபிஓஇ இணைப்பே கீழே விழும், ரவுட்டருக்கு அது சற்று நேரத்தில் தெரிந்துவிடும். பயனர் பெயரோடு, அந்த லைனுக்கு நிறுவனம் வைத்திருக்கும் அடையாளமான விலேன் எண்ணையும் கேட்டு வாங்குங்கள். அது இல்லாமல் சில லைன்கள் டயல் ஆகாது. அப்போதும் தொலைதூர பிங் தேவைதான். கேபிள்காரரின் அறைவரை லைன் நன்றாக இருந்து, அவருக்கு மேலிருந்து வரும் லைன் அறுவதும் மலைப்பகுதியில் அடிக்கடி நடக்கும். பிபிபிஓஇ அசையாமல் நிற்கும், நெட் மட்டும் இருக்காது.

மாறும் நொடியில் என்னென்ன அறும்?

லைன் மாறினால் வெளியுலகுக்குத் தெரியும் நம் ஐபி முகவரியும் மாறும். பழைய முகவரியில் ஓடிக்கொண்டிருந்த டவுன்லோட் நின்று மறுபடி தொடங்கும். வீடியோ கால் சில நொடி உறைந்து திரும்பும். விபிஎன் துண்டித்து மீண்டும் இணையும். வங்கித் தளத்தில் திரும்ப லாகின் கேட்கும். யூபிஐ பணம் அனுப்பும் நடுவில் மாறினால், மறுபடி அனுப்பும் முன் பழைய பரிவர்த்தனையின் நிலையைப் பார்த்துவிடுங்கள். இவையெல்லாம் இயல்பு, கோளாறு அல்ல.

கோளாறு என்று சொல்ல வேண்டியது ஐபி ஃபோன், அதாவது நெட் வழியாகப் பேசும் ஃபோன். எல்லாம் மாறிய பின்னும் ஃபோன் மட்டும் ஊமையாக நிற்கும். ஓடும் இணைப்புகளை ரவுட்டர் ஒரு பட்டியலில் வைத்திருக்கும். ஃபோன் சில நொடிக்கு ஒரு முறை பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருப்பதால், பழைய லைனின் பெயரில் உள்ள அந்தப் பதிவு காலாவதி ஆகாமல் புதுப்பிக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். லைன் மாறும்போது அந்தப் பட்டியலை அழிக்கும்படி ரவுட்டரில் அமைக்க வேண்டும். எம்வேன்3-இல் அதற்கு அமைப்பு இருக்கிறது. மைக்ரோடிக்கில் சிறு ஸ்கிரிப்ட் எழுத வேண்டும்.

வெளியிலிருந்து உள்ளே வரும் இணைப்புகள் இன்னொரு கதை. ஃபைபரில் நிலையான ஐபி வாங்கி, வீட்டிலிருந்து கடை கேமராவைப் பார்ப்பவர்கள் உண்டு. மொபைல் லைனில் பொதுவாக நமக்கென்று தனி ஐபி கிடையாது. பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் அடைத்து வைத்திருப்பார்கள். 4ஜி பெட்டியின் நிலைப் பக்கத்தில் 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் முகவரி தெரிந்தால் அதுதான் அடையாளம். வெளியிலிருந்து வரும் இணைப்பை உள்ளே உள்ள கருவிக்குத் திருப்பிவிடும் போர்ட் ஃபார்வர்டிங் அந்த லைனில் வேலை செய்யாது. கேமரா நிறுவனத்தின் கிளவுட் ஆப் வழியாகப் பார்ப்பவர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. இணைப்பு உள்ளிருந்து வெளியே போகிறது.

இரண்டு பில் இருந்தால் இரண்டு வழி ஆகிவிடாது

இரண்டு நிறுவனங்களிடம் ஃபைபர் வாங்கிவிட்டோம், இனி கவலை இல்லை என்று இருப்பவர்கள் ஒரு முறை வெளியே போய்க் கம்பத்தை அண்ணாந்து பார்க்க வேண்டும். இடுக்கிப் பக்கம் கேபிள்காரர்களின் ஒயர்கள் பெரும்பாலும் கேஎஸ்இபி எனும் கேரள மின்வாரியத்தின் மின்கம்பங்களில்தான் தொங்குகின்றன. இரண்டு ஒயரும் ஒரே கம்பத்தில் போனால், ஒரே மரம் இரண்டையும் அறுக்கும். கம்பம் வேறாக இருந்தாலும், இரண்டு கேபிள்காரர்களும் மேலே ஒரே பெரிய நிறுவனத்தின் லைனை வாடகைக்கு எடுத்திருக்கலாம். ‘உங்களுக்கு லைன் எந்தப் பக்கமிருந்து வருகிறது, கோட்டயம் பக்கமா, தேனிப் பக்கமா?’ என்று நேராகக் கேளுங்கள். சொல்வார்கள்.

எல்லையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. தேசிய நெடுஞ்சாலை 183 கோட்டயத்திலிருந்து ஏறி குமுளியைத் தொட்டு தேனிக்கு இறங்குகிறது. சாலை இரு பக்கமும் இருப்பது போல, டவரும் இரு பக்கமும் இருக்கிறது. ஒயரைச் செக்போஸ்ட் தாண்டி இழுப்பது சுலபமல்ல. சிக்னலுக்குச் செக்போஸ்ட் கிடையாது. கேரளப் பக்க ஃபைபர், தமிழ்நாட்டுப் பக்க டவரிலிருந்து 4ஜி என்று வைத்தால், ஒரு பக்கம் மண் சரிந்தாலும் மறுபக்கம் நிற்க வாய்ப்பு அதிகம். நம் தெருவில் உள்ள டவருக்கும் அதே அறுந்த ஃபைபர்தான் போகிறது என்றால், ஃபைபரும் டவரும் சேர்ந்தே விழும். செலவில்லாத சோதனை ஒன்று: அடுத்த முறை ஃபைபர் போகும்போது, யார் யாருடைய செல்ஃபோனில் எந்த சிம்மில் நெட் ஓடுகிறது என்று பார்த்துக் குறித்து வையுங்கள். அந்த சிம்தான் உங்கள் மாற்று லைன்.

எல்லைக்கே உரிய தொல்லையும் உண்டு. மொபைல் நிறுவனங்கள் ஒவ்வொரு தொலைத்தொடர்பு வட்டத்திலும் தனி நெட்வொர்க் எண் வைத்திருக்கின்றன. கம்பத்தில் வாங்கிய சிம்மைக் குமுளியில் 4ஜி பெட்டியில் போட்டால், அது கேரள டவரைப் பிடித்து ‘ரோமிங்’ என்று காட்டக்கூடும். நாட்டுக்குள் ரோமிங் என்பதால் செல்ஃபோனில் நெட் ஓடும். ஆனால் பல டாங்கிள்களிலும் 4ஜி ரவுட்டர்களிலும் டேட்டா ரோமிங் முடக்கப்பட்டே வரும். சிக்னல் நாலு கோடு இருக்கும், நெட் இருக்காது. அமைப்பில் போய் டேட்டா ரோமிங்கை இயக்குங்கள். பெட்டி இரண்டு மாநில டவர்களுக்கும் இடையே ஊசலாடினால், ஜன்னல் மாற்றி வைத்துப் பாருங்கள். வெளி ஆன்டெனா போடும் வசதி இருந்தால் தேவையான திசைக்குத் திருப்பலாம். குறிப்பிட்ட பேண்டை (அலைவரிசையை) மட்டும் பிடிக்கும்படி பூட்டி வைக்கும் வசதி சில பெட்டிகளில் உண்டு.

மாற்று லைனின் டேட்டா எங்கே போகிறது?

நான்கு கேமரா, ஒவ்வொன்றும் நொடிக்கு 1 மெகாபிட் வீதம் கிளவுடுக்கு அனுப்புகிறது என்றால், ஒரு மணி நேரத்தில் 1.8 ஜிபி காலி. தினம் 2 ஜிபி தரும் பிளான் மதிய உணவுக்குள் முடிந்துவிடும். இ-வே பில் எடுக்கப் போகும்போது நெட் நத்தை வேகத்தில் நிற்கும். எனவே மாற்று லைனில் எது போகலாம் என்று ரவுட்டரின் ஃபயர்வாலில் சொல்லிவிட வேண்டும். பில் போடும் கணினி, யூபிஐ, ஃபோன் போகட்டும். கேமராவின் ஐபி, டிவி, விருந்தினர் வைஃபை நிற்கட்டும். விண்டோஸ் அப்டேட்டையும் கூகுள் ஃபோட்டோஸ் போன்ற பேக்கப்புகளையும் அந்தந்தக் கருவியிலேயே தள்ளி வைக்கலாம். சோதனை பிங்குக்கு ஆகும் டேட்டா பெரிதல்ல: 5 நொடிக்கு ஒரு பிங் என்றால், ஒரு முகவரிக்கு நாளொன்றுக்குச் சுமார் 3 எம்பி.

அந்த 3 எம்பியைச் செலவழித்து மாற்று லைனையும் தினமும் சோதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ப்ரீபெய்ட் சிம்மின் 28 நாள் முடிந்தது யாருக்கும் தெரியாது, ஃபைபர் நன்றாக ஓடிக்கொண்டிருப்பதால். ஃபைபர் போகும் அன்றுதான் இரண்டும் இல்லை என்று தெரியும். மாற்று லைன் செத்தாலும் மின்னஞ்சலோ டெலிகிராம் செய்தியோ அனுப்பும்படி ரவுட்டரில் அமைக்க முடிந்தால் கட்டாயம் செய்யுங்கள்.

கரண்ட்

மழையில் லைன் போகும் நாட்களில் கரண்டும் போகும். ஓஎன்டி, ரவுட்டர், 4ஜி பெட்டி மூன்றும் சேர்ந்து சுமார் 20 வாட் இழுக்கும். கடையில் விற்கும் மினி யூபிஎஸ்ஸில் 10,000 எம்ஏஎச் என்று போட்டிருந்தால், அது உள்ளே இருக்கும் 3.7 வோல்ட் செல்லின் கணக்கு. மொத்தம் 37 வாட்-மணி. மாற்றத்தில் போகும் இழப்பு போக ஒன்றரை மணி நேரம் தாங்கும். அதற்கு மேல் வேண்டுமானால் வீட்டு இன்வெர்ட்டரிலேயே செருகிவிடுங்கள். மினி யூபிஎஸ் வாங்கும் முன் ஒவ்வொரு அடாப்டரின் அடியில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டைப் படியுங்கள். ஓஎன்டி பெரும்பாலும் 12 வோல்ட். மைக்ரோடிக் ஹெக்ஸோடு வருவது 24 வோல்ட், அது 12-லும் ஓடும். எல்லாப் பெட்டியும் அப்படித் தாங்காது. 9 வோல்ட் பெட்டிக்கு 12 கொடுத்தால் புகைந்துவிடலாம்.

சோதித்துப் பார்ப்பது

ரவுட்டருக்கும் ஓஎன்டிக்கும் இடையே உள்ள ஒயரைப் பிடுங்கி, ‘மாறிவிட்டது, சரி’ என்று திருப்தி அடைய வேண்டாம். அது எந்த ரவுட்டருக்கும் தெரியும் கோளாறு. ஓஎன்டியின் பின்னால் பச்சைத் தலையோடு இருக்கும் ஃபைபரைக் கழற்றுங்கள். அதன் முனையைக் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள், அதில் வரும் ஒளி கண்ணுக்குத் தெரியாது. விரலால் தொடாதீர்கள், தூசி மூடியைப் போட்டு வையுங்கள். முனையில் ஒட்டும் எண்ணெய்ப் பிசுக்கே பிறகு லைனை மந்தமாக்கும். நரம்பு போல மெல்லிய ஒயர், வளைத்துச் சுருட்டவும் கூடாது.

கழற்றும் முன் கணினியில் நிற்காத பிங் ஒன்றை ஓடவிடுங்கள், ரவுட்டர் சோதனைக்குப் பயன்படுத்தாத முகவரிக்கு. பதில் நிற்கும் நொடியிலிருந்து மறுபடி வரும் நொடிவரை எண்ணினால் மாறும் நேரம் கிடைக்கும். நீங்கள் அமைத்தது 15 நொடி, வந்தது இரண்டு நிமிடம் என்றால், அமைத்த தொலைதூர பிங் சரியாக ஓடுகிறதா என்று திரும்பப் பாருங்கள். பிங் வருகிறது, தளம் திறக்கவில்லை என்றால் பெரும்பாலும் டிஎன்எஸ்தான் காரணம். மாற்று லைனில் இருக்கும்போதே ஒரு பில் போட்டுப் பாருங்கள், ஐபி ஃபோனில் ஒரு அழைப்பு செய்து பாருங்கள். பிறகு ஃபைபரைச் செருகி, திரும்பி வரும் நேரத்தையும் எண்ணுங்கள். பிபிபிஓஇ லைன்களில் பழைய இணைப்பை நிறுவனத்தின் பக்கம் உடனே விடுவிக்காமல் இருந்தால், மறுபடி டயல் ஆகச் சில நிமிடம் எடுக்கும். அதைக் கோளாறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இந்தச் சோதனையை சிம் ரீசார்ஜ் செய்யும் நாளில் மாதம் ஒரு முறை, கடை திறக்கும் முன் காலையில் செய்துவிடலாம். கடையில் வேலை செய்பவருக்கும் ஒரு முறை காட்டிக் கொடுங்கள்: ஓஎன்டியில் எந்த விளக்கு சிவப்பானால் கேபிள்காரரைக் கூப்பிட வேண்டும், எந்தப் பெட்டியை எக்காரணம் கொண்டும் ஆஃப் செய்யக் கூடாது என்று. நெட் மெதுவாக இருக்கிறது என்று யாராவது எல்லாப் பெட்டிகளையும் அணைத்துப் போட்டால், மாற்று லைனும் அதோடு போய்விடும். பெட்டிகளின் மேல் முதல் லைன், மாற்று லைன் என்று ஒட்டுத்தாளில் எழுதி ஒட்டி, கேபிள்காரரின் எண்ணையும் சிம் எண்ணையும் அதிலேயே குறித்து வையுங்கள்.